நாலாவது ஸ்டாம்பு

நம்ம லைன் வீட்டு ஆளுங்களே, ஒண்ணு கேக்குறேன், நெஞ்சுல கைய வச்சுச் சொல்லுங்க. கடைசியா ஒரு ஸ்டாம்பை நாக்குல தொட்டு ஒட்டினது எப்போ? எனக்கும் ஞாபகம் இல்லை. இப்போ எல்லாமே கூரியர், இல்லாட்டிப் போன். ஆனா போன வாரம் நான் தபாலாபீஸ் கவுண்டர்ல நின்னு, நாலு படம் போட்ட ஸ்டாம்புத் தாளை வாங்கி, அங்கேயே பெஞ்சுல உக்காந்து அழுதேன். கவுண்டர்ல இருந்த பொண்ணு பயந்துபோய், "என்னாச்சுங்கம்மா, ஏதாச்சும் தொலைச்சுட்டீங்களா?"ன்னு எட்டிப் பாத்துது. "இல்ல கண்ணு, கிடைச்சிருச்சு"ன்னேன். அதுக்கு மேல அந்தப் பிள்ளைகிட்ட என்னத்தைச் சொல்றது?

அந்த ஸ்டாம்பைப் படம் பிடிச்சு நம்ம குரூப்புல போட்டேன். முட்டி வலிக்குக் கஷாயம் சொல்றதுன்னாப் பக்கம் பக்கமா எழுதுற ஆளுங்க, இதுக்கு ஆளுக்கொரு கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிட்டுப் போயிட்டீங்க. ஒருத்தருக்குமா அடையாளம் தெரியலை? முதல் ஸ்டாம்பை நல்லாப் பாருங்க. குழாயடி. வாயில துணி கட்டின குழாய். வரிசையாக் குடம், குடத்துக்கெல்லாம் மூஞ்சி. கடைசிக் குடத்துக்குப் பக்கத்துல ஒரு மொட்டைத் தலை நிக்குதே, அது சாட்சாத் நான்தான். அந்த வருஷம் பேன் தொல்லை தாங்காம எங்கம்மா எனக்கு மொட்டை அடிச்சுவிட்டுச்சு. நீங்க எல்லாரும் என் தலையில தாளம் போட்டீங்க. மறந்துபோச்சாக்கும்?

பேப்பர்ல என்ன போட்டிருக்காங்கன்னா, இது யாரு தைச்சதுன்னு யாருக்குமே தெரியாதாம். எந்தப் பள்ளிக்கூடத்துலயும் ஓவியம் படிக்காம, யாரும் சொல்லிக் கொடுக்காம, பனியன் வேஸ்ட்டுத் துணியில மெஷின் நூலாலேயே படம் போட்ட பேர் தெரியாத கையாம். சென்னையில கண்காட்சி வச்சாங்களாம், வெளிநாட்டுலயும் வச்சாங்களாம். அதுல நாலு படத்தை எடுத்து இப்போ ஸ்டாம்பாப் போட்டுட்டாங்க. கண்காட்சியெல்லாம் நமக்கு எங்கே தெரியுது? ஸ்டாம்பு வந்த பிறகுதான் எனக்கே தெரியும். பேர் தெரியாத கையாவது, காலாவது. அது எங்க அத்தை கை.

அத்தைன்னா எங்கப்பாவோட தங்கச்சி. தெக்க இருந்து பொழைப்புத் தேடித் திருப்பூர்ல ரயில் இறங்கின குடும்பம் நாங்க. அப்பா பனியன் கம்பெனியில கட்டிங். அம்மா வீட்டுல இருந்தே பிசிர் வெட்டும், அதாவது தைச்சு முடிச்ச பனியன்ல தொங்குற நூலையெல்லாம் கத்தரிக்கிற வேலை. அத்தைக்கு வாடகை மெஷின் ஒண்ணு. கழுத்துல லேபிள் வச்சுத் தைக்கும். ஒரே ரூம்ல நாலு பேரும், மெஷினும், பனியன் மூட்டையும். சோத்துல நூல் கிடந்தா யாரும் முகஞ்சுளிக்க மாட்டோம், எடுத்து ஓரமாப் போட்டுட்டுச் சாப்பிடுவோம். மெஷின் எண்ணெய் வாசமும் புதுத் துணியோட பிளீச்சிங் வாசமும் கலந்து வந்தா இப்பவும் எனக்குப் பசிக்கும். சிரிக்காதீங்க, நிசமாத்தான்.

பனியனுக்குக் கழுத்து வெட்டினா ஒரு துண்டு விழும், பாதி நிலா மாதிரி. எதுக்கும் ஆகாது, வேஸ்ட்டு மூட்டைக்குத்தான் போகும். அத்தை அந்தத் துண்டுகளைப் பொறுக்கி, ஒண்ணோடொண்ணு ஒட்டுப்போட்டு, ஒரு தலையணை உறை அளவுக்கு ஆக்கும். அப்புறம் மிச்ச நூல்ல படம். பென்சில்ல வரையுறதெல்லாம் கிடையாது. துணியை ஊசிக்குக் கீழே வச்சு ரெண்டு கையாலயும் அப்படி இப்படித் திருப்பும், கால் மிதிச்சுக்கிட்டே இருக்கும், கோடு தானா வந்து விழும். பனியன் துணி இழுத்தா இழுபடும் இல்லையா, அதனால அத்தை தைச்ச மனுசங்க எல்லாருக்கும் மூஞ்சி லேசாச் சுருங்கி, சிரிக்கப் போறாங்களா அழப் போறாங்களான்னு தெரியாம இருக்கும். எனக்கு அதுதான் பிடிக்கும்.

ஸ்டாம்பு விளையாட்டு ஞாபகம் இருக்கா? நோட்டுத் தாள்ல ராசா, பூனை, வாடகை வாங்க வர்ற வீட்டுக்காரர் மீசைன்னு கட்டம் கட்டமா வரைஞ்சு கொண்டு வருவீங்க. அத்தை நூல் கோக்காம வெறும் ஊசியில அந்தத் தாளை ஓட்டிக் கொடுக்கும். கோட்டுல பிடிச்சுக் கிழிச்சா அசல் ஸ்டாம்பு மாதிரியே பல்லு பல்லா வரும். "காகிதத்துல ஓட்டினா ஊசி மழுங்கிரும், யாரு அதுக்குத் தண்டம் அழுறது?"ன்னு அம்மா கத்தும். "ஒத்த ஊசிதான மதினி"ன்னு அத்தை சிரிக்கும். அண்ணன் பொண்டாட்டியை எங்க பக்கம் மதினின்னுதான் கூப்பிடுவோம். எங்கம்மா வாயைத் திறந்தா வசவுதான்னு நீங்க எல்லாரும் எங்கம்மாவைப் பாத்தாலே ஒதுங்கிப் போவீங்க. நானும் அப்படித்தான் ஒதுங்கினேன்.

அது தீபாவளி சீசன். கம்பெனிக்காரங்க மூட்டை மூட்டையாக் கொண்டாந்து இறக்குவாங்க. அந்த நேரம் பாத்து அத்தையைப் பொண்ணு பாக்க ஒரு கூட்டம் சொல்லாமக் கொள்ளாம வந்துட்டுது. அத்தை ரயில் படம் தைச்சுக்கிட்டு இருந்துச்சு. ரெண்டாவது ஸ்டாம்புல இருக்கே, ஜன்னலுக்கு ஜன்னல் ஒரு தலை, அந்த ரயில். பாதிக் கோட்டுல நிறுத்தினா நூல் அறுந்துபோகும்னு அத்தை எந்திரிக்கலை. மாப்பிள்ளையோட அம்மா கிட்டப் போய் எட்டிப் பாத்துது. மூஞ்சி செத்துப்போச்சு. "என்னது இது, தலை தலையா? மனுச உருவத்துல போயி ஊசிய ஏத்துறா?"ன்னு கேட்டுட்டு, காப்பியைக்கூடத் தொடாமக் கிளம்பிட்டுது.

அவ்வளவுதான், லைன் பூரா பேச்சு. மனுச ரூபத்துல ஊசி குத்துறது செய்வினை வைக்கிறவங்க பண்ற வேலைன்னு ஆளாளுக்கு ஆரம்பிச்சாங்க. யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் எங்க வீட்டு வாசலைத்தான் பாத்தாங்க. வீட்டுக்காரர் தங்கமான மனுசன்தான், அவரே ஒரு நாள் செருப்பை வெளியே கழட்டிவிட்டுட்டு வந்து நின்னாரு. "ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. ஊசியில மனுச ரூபங் குத்துறது ஊட்டுக்கு ஆகாதுங்க. புள்ளைய ஒருக்கா மந்திரிச்சுக் கூட்டியாந்துருங்க, எல்லாஞ் செரியாப் போயிரும்." இவ்வளவு மரியாதையாச் சொன்னா மறுக்கவா முடியும்? அப்பா நடுங்கிப்போயிட்டாரு. வாடகை வீடு, வெளியூர்க்காரங்க, வயசுக்கு வந்த தங்கச்சி.

மந்திரிச்ச எலுமிச்சம்பழம் ஒண்ணைக் கொண்டாந்து மெஷின் மிதிக்குக் கீழே வச்சாரு அப்பா. அத்தை மிதிக்க மிதிக்க அது உருண்டு உருண்டு ரூம் பூரா ஓடும், நான் பிடிச்சுக் கொண்டாந்து வைப்பேன். மறுநாள் பாத்தா அத்தை அந்த எலுமிச்சம்பழத்தையும் துணியில கண்ணு மூக்கு வச்சுப் படமாத் தைச்சுவிட்டுருக்கு. எங்களுக்குச் சிரிப்பு தாங்கலை. அப்பாவுக்கு மட்டும் சிரிப்பு வரலை.

அப்புறம் இன்னொரு இடம் வந்துச்சு. உடுமலைப்பேட்டைப் பக்கம் நூல்மில்லுல வேலை பாக்குற மாப்பிள்ளை, எங்க ஊர்க்காரங்கதான். பொண்ணு பாக்க வர்றதுக்கு முந்தின நாள் காலையில அப்பா கம்பெனிக்குக் கிளம்பும்போது அம்மாகிட்டச் சொன்னாரு: "அந்தத் துணி ஒண்ணுகூட இந்த வீட்டுல இருக்கப்பிடாது. எல்லாத்தையும் கொளுத்திரு." அம்மா, "சரி"ன்னுச்சு. அந்த ஒரு "சரி" என் காதுல இன்னும் இருக்கு. அன்னைக்கு அத்தையும் நானும் பூ வாங்கக் கடைவீதிக்குப் போனோம். திரும்பி வந்தா, அத்தை துணியெல்லாம் மடிச்சு வச்சிருந்த தகரப் பெட்டி திறந்து கிடந்துச்சு. உள்ளே ஒண்ணும் இல்லை.

"எங்க மதினி?"ன்னு அத்தை கேட்டுச்சு.

அம்மா தரையைத் துடைச்சுக்கிட்டே, நிமிந்து பாக்காம, "வேஸ்ட்டுக்காரரு வந்தாரு. போட்டுட்டேன்"னுச்சு.

வேஸ்ட்டுத் துணி எங்கே போகும்னு திருப்பூர்ல வளந்த நமக்குத் தெரியாதா? லாரி பட்டறைக்குப் போகும், கிரீஸ் துடைக்க. அத்தை அப்படியே பெட்டிக்கு முன்னால உக்காந்துருச்சு. "என் கைய வெட்டி வேஸ்ட்டுல போட்டுட்டியே மதினி"ன்னுச்சு. அம்மா வாளியைத் தூக்கிட்டு வெளியே போயிருச்சு.

மறுநாள் வந்தவங்களுக்கு அத்தையைப் பிடிச்சுப்போச்சு. தை பிறந்ததும் கல்யாணம். அதுக்கப்புறம் அத்தை ஒரு படமும் தைக்கலை, எங்கம்மாகூட ஒரு வார்த்தையும் பேசலை. என் கல்யாணத்துக்கு வந்து, அம்மா பந்தியில பரிமாற வந்ததும் இலையை மடிச்சுட்டு எந்திரிச்ச மனுசி. அம்மா செத்தப்போ வந்து மாலையைப் போட்டுட்டு, ஒரு வாய்த் தண்ணி குடிக்காமப் பஸ் ஏறிருச்சு. எனக்கு அத்தை மேல கோவம் வரலை. அம்மா மேலதான் வந்துச்சு. ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத பொம்பளைன்னு நான் அம்மாவைப் பத்தி எத்தனை பேர்கிட்டச் சொல்லியிருப்பேன்!

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு, அப்போ எனக்கு அதுக்கு அர்த்தம் தெரியலை. அத்தை கல்யாணமாகிப் போன பிறகு ஒரு நாள் அம்மா என்னைக் கூட்டிக்கிட்டு மங்கலத்துக்குப் பஸ் ஏறுச்சு. வாரா வாரம் நம்ம லைனுக்கு சைக்கிள்ல வருவாரே பழைய வேஸ்ட்டுக்காரர், அவரு தீபாவளிக்கப்புறம் வரவே இல்லை, மங்கலத்துப் பக்கம் குடோனை மாத்திக்கிட்டுப் போயிட்டாருன்னு கேள்வி. ஊருக்குள்ள நுழைஞ்சா எந்தத் தெருவுலயும் தறிச் சத்தம், பேசுறது காதுல விழாது. அம்மா ஒவ்வொரு குடோனாப் போய்க் கத்திக் கத்திக் கேக்கும். "வெத்தலை போடுவாரு, சைக்கிள்ல வருவாரு, வேஸ்ட்டுக்காரரு." உள்ளே இருந்து ஒருத்தர், "பேரு என்னங்க?"ன்னு கேட்டாரு. அம்மா முழிச்சுச்சு. நம்ம லைன்ல யாரு, யாருக்குப் பேர் கேட்டா? பால்காரர், வேஸ்ட்டுக்காரர், பூக்காரம்மா, அவ்வளவுதானே. "இங்க நாங்க அல்லாருமே வேஸ்ட்டுக்காரங்கதானுங்க அம்மிணி"ன்னு அவரு சிரிச்சாரு.

தலையணைக்கு அடைக்கப் பஞ்சு வேஸ்ட்டு தேடுதுன்னு நான் நினைச்சேன். எனக்குத் தேன்மிட்டாய் வாங்கிக் கொடுத்துச்சு, அந்த சந்தோசத்துல நான் எதையும் கேக்கலை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னல் கம்பியில தலையைச் சாச்சுக்கிட்டு வந்துச்சு. அதுக்கப்புறமும் அப்பாவுக்குத் தெரியாம அப்பப்போ போயிட்டு வந்துச்சு. அப்புறம் போறதை விட்டுருச்சு.

இப்போ பேப்பர்ல என்ன எழுதியிருக்கு தெரியுமா? மங்கலத்துல ஒரு பழைய குடோனை இடிக்கும்போது பரண்ல அந்த மூட்டை கிடைச்சிருக்கு. குடோன்காரரோட பேரன் சொல்லியிருக்கான்: "எங்க அப்புச்சி இந்த ஒரு மூட்டைய மட்டும் பிரிக்க உடலீங்க. ஒரு அம்மா குடுத்து வச்சிருக்காங்க, கொஞ்ச நாள்ல நானே வந்து வாங்கிக்கறேன், ஊட்டுக்குக் கொண்டாராதீங்கன்னாங்க, வந்து கேட்டாக் குடுக்கோணும்னு சொல்லீட்டே இருப்பாருங்க. பேரு மட்டும் அவருக்குத் தெரியலீங்க." இதைப் படிச்சப்போதான் எனக்குப் புரிஞ்சுது. அப்பா கொளுத்தச் சொன்னதை அம்மா கொளுத்தலை, விக்கவும் இல்லை. ஒளிச்சு வச்சிருக்கு. திருப்பி வாங்கப் போனப்போ ஆளைக் கண்டுபிடிக்க முடியலை. கையில பொருள் இல்லாம, "நான் காப்பாத்தித்தான் வச்சேன்"னு அத்தைகிட்ட எந்த வாயால சொல்லும்? சொன்னாலும் யாரு நம்புவா?

ஸ்டாம்பை எடுத்துக்கிட்டு உடுமலைப்பேட்டைப் பக்கம் கணியூருக்குப் போனேன். அத்தை இப்போ மகன் வீட்டுல இருக்கு. மாமா போயிட்டாரு. கண்ணு ரெண்டும் ஆபரேஷன் பண்ணித் தெளிவாத் தெரியுது. "வாட்டி, இப்பத்தான் வழி தெரிஞ்சுதாக்கும்?"னுச்சு. ஸ்டாம்புத் தாளை மடியில வச்சேன். குழாயடி மேல விரலை வச்சுது. ரயில் மேல வச்சுது. மூணாவது, சங்கு ஊதினதும் கம்பெனியில இருந்து வர்ற சைக்கிள் கூட்டம். என்னை நிமிந்து பாத்துச்சு.

"ஏட்டி, இது என் கைட்டி."

"ஆமா அத்தை."

"வண்டி தொடச்சுப் போட்டிருப்பான்னுலா நெனச்சேன். எப்படிட்டி வந்துச்சு?"

பேப்பர்ல இருந்ததைப் படிச்சுக் காமிச்சேன். மங்கலத்துக்குப் பஸ் ஏறினதைச் சொன்னேன். அந்த அம்மா எங்கம்மாதான் அத்தைன்னு சொன்னேன். அத்தை மூஞ்சி மாறிப்போச்சு.

"உங்கம்மைக்கு வக்காலத்து வாங்க வந்தியாக்கும்? எவளோ குடுத்து வச்சாளாம். அது உங்கம்மன்னு எவன் கண்டான்? போட்டுட்டேன்னு என் மூஞ்சிக்கு நேரச் சொன்னவ அவ. நீ சின்னப் பிள்ள, உனக்கு என்ன தெரியும்?"

எனக்கே பேரப்பிள்ளைங்க இருக்கு, அத்தைக்கு நான் இன்னும் சின்னப் பிள்ளை. அதோட கோவத்தைப் பாத்து எனக்குப் பயம் வரலை, பாவமா இருந்துச்சு. ஒரு ஆயுசு பூரா ஒருத்தி மேல வச்சிருந்த கோவம், அதை இந்த வயசுல எங்கே போய் இறக்கி வைக்கிறது? ஆனா எனக்கு வேற வழி இல்லை. எங்கம்மா செத்துப்போச்சு. அது மேல விழுந்த பழியைத் துடைக்க என்னை விட்டா யாரு இருக்கா? இனிமே எப்போ பேசுறது?

பேச்சை மாத்தலாம்னு, நாலாவது ஸ்டாம்பைப் போன்ல படம் பிடிச்சுப் பெருசாக்கிக் கொடுத்தேன். "இதைத்தான் அத்தை ரொம்பப் புகழ்ந்து எழுதியிருக்காங்க. மெஷின்ல உக்காந்திருக்கிற பொம்பளை, பின்னால இருந்து பாத்த மாதிரி. கலைஞர் தன்னைத் தானே தைச்சுக்கிட்டதாம்."

அத்தை கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பாத்துது.

"இது நான் தைக்கல."

மறந்துபோயிருக்கும்னு நினைச்சேன். "உங்க ரிப்பன், உங்க சடை, நல்லாப் பாருங்க அத்தை."

"நான்தாட்டி அது. நான் தைக்கலங்கேன். என் முதுக நான் எங்கட்டி பாத்தேன்?"

அத்தை போனை மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோச்சு.

"கோட்டப் பாரு, குடிகாரன் நடந்த மாதிரி. மெஷின் ஓட்டத் தெரியாதவ தைச்சது. ரெண்டு எடத்துல நூல் அறுந்து முடிச்சுப் போட்டுருக்கா. இந்தச் சடைய மட்டும் எவ்வளவு பொறுமையா... ஒரு பின்னல்கூட விடல பாரு." அந்தச் சடையை விரலால தொட்டுது. "மெஷினு ஜன்னலப் பாத்துலா கெடக்கும். நாள் முச்சூடும் என் முதுகுக்குப் பின்னால உக்காந்து பிசிர் வெட்டுனது யாருட்டி?"

"அம்மா."

"எப்பட்டி தைச்சா? நான் குளிக்கப் போகையிலயா, ரேசன் கடைக்குப் போகையிலயா? என் நூலத் திருடித் தைச்சிருக்கா பாரு, கள்ளி." சிரிச்சுது. அந்தச் சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிப் போச்சு. "தூரப் போடுற மூட்டையில தன் கையால தைச்சதையும் சேத்து வச்சு எவளாவது கட்டுவாளா? கொளுத்தச் சொல்லிருக்கான் எங்கண்ணன். அவன் சொல்லுக்குத் தப்பிச்சு, என் சடையையும் அதுக்குள்ள வச்சுக் கட்டிக் குடுத்திருக்கா. நான் அவ செத்த வீட்டுல ஒரு வாய்த் தண்ணி குடிக்கலையேட்டி."

நான் அத்தை கையைப் பிடிச்சுக்கிட்டேன். பேர் தெரியாத கைன்னு போட்டிருக்காங்களே, எழுதிச் சொல்லிரலாமா அத்தைன்னு கேட்டேன். "சொல்லு. சொன்னா ரெண்டு பேரு பேரையும் சொல்லு"ன்னு மூக்கைச் சிந்திக்கிட்டுச்சு.

நான் கிளம்ப எந்திரிச்சேன். அத்தை எந்திரிக்கலை. மடியில ஸ்டாம்புத் தாளை வச்சு, நாலாவது ஸ்டாம்பை மட்டும் கட்டைவிரலால தடவிக்கிட்டே இருந்துச்சு. என்கிட்ட என்னமோ சொல்ற மாதிரி இருந்துச்சு, குனிஞ்சு கேட்டேன். என்கிட்ட இல்லை.

"ஏ மதினி... ஒத்த வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கலாம்லா."